அழுந்தியே கிடந்த பொத்தான்

கடலூரை அடுத்த குடிகாட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், சாயப்பொடி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் உத்திராபதி மெயின் கேட் செக்யூரிட்டியாக இருந்தார். நான் அதே கம்பெனியில் ஸ்டோர் வாசல் செக்யூரிட்டி. என் பெயர் சிங்காரம். இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2006-இல் எங்கள் ஏஜென்சி ஆறு வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்தது. அதுவரை எங்களுக்கு விசில்தான். அவசரம் என்றால் சைக்கிள். செக்யூரிட்டி ஆபீசர் லூர்துசாமி பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வந்தவர். ஆறு செட்டையும் மேசையில் வரிசையாக வைத்து, இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். உத்திராபதி உடனே கையைத் தூக்கினார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. முன்பு கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரில் ஒரு மைக் செட் கடையில் பத்து வருடம் இருந்தவர். அவர் தெருக் கோயில் திருவிழாவில் அறிவிப்பெல்லாம் அவர் குரலில்தான். கணீரென்ற குரல். அது அவருக்கும் தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, செட்டுகளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்ட்டில் நம்பர் போட்டார். பேசும் இடத்தில் சேரும் சாயப்பொடியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுப்பார். யாராவது ஏரியலைப் பிடித்துத் தூக்கினால், கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி தூக்காதே என்று சத்தம் போடுவார். பேட்டரி முழுசாக ஏறியதும் சார்ஜரிலிருந்து எடுத்துவிடுவார். எங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பொத்தானை அழுத்து, ஒரு மூச்சு பொறு, பிறகு பேசு, இல்லையென்றால் முதல் வார்த்தை அறுந்துபோகும். பேசி முடித்ததும் விரலை எடு. ஒருத்தர் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்ற ஐந்து பேரும் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. இதை அவர் எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

கம்பெனியின் பின்பக்கம், ஆசிட் லாரிகள் வந்து இறக்கும் டேங்க் யார்டில் தில்லைநாதன் இருந்தார். அவருக்குத் திக்குவாய். நேரில் பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. செட்டைக் கையில் எடுத்தால்தான் வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு இடத்திலிருந்தும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ‘டேங்க் யார்டு’ என்பதில் முதல் எழுத்தே அவருக்கு வராது. பொத்தானை அழுத்திய சத்தம் மட்டும் கேட்கும், பிறகு மூச்சு. உடனே உத்திராபதி, “டேங்க் யார்டு தூங்கிடுச்சா? திருப்பிச் சொல்லுங்க” என்பார். ஆறு செட்டிலும் கேட்கும். நாங்கள் சிரிப்போம்.

பேசுவதற்குப் பதில் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் எல்லாம் சரி என்று வைத்துக்கொள்ளலாமா என்று தில்லைநாதன் ஒருமுறை ஆபீசரிடம் கேட்டார். ஆபீசருக்குச் சம்மதம்தான். அப்படித் தட்டினால் பொத்தான் கெட்டுப்போகும் என்று சொல்லி உத்திராபதிதான் அதைத் தடுத்தார்.

டீ நேரத்தில் உத்திராபதி தில்லைநாதனைப் போலப் பேசிக் காட்டுவார். அச்சு அசலாக இருக்கும். அந்தக் கண் மூடுவது, தாடை நடுங்குவது எல்லாம். நானும் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்திருக்கிறேன்.

2007 மழைக்காலம் முடிந்தபோது இரண்டு செட்டில் பேசும் பொத்தானின் மேல் இருக்கும் ரப்பர் தோல் வெடித்துவிட்டது. ஈரம் உள்ளே இறங்கினால் பொத்தான் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் புதுச்சேரி சர்வீஸுக்கு அனுப்பச் சொல்லி லூர்துசாமி உத்தரவு போட்டார். ஒன்றுதான் போனது. மற்றது உத்திராபதி தன் கையில் வைத்திருந்த செட், முதல் நம்பர். போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் அது இல்லாமல் கேட்டில் நிற்க அவரால் முடியவில்லை. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவிப் பொத்தான்மேல் ஒட்டிக்கொண்டார். மாதா மாதம் எழுதும் ரிஜிஸ்டரில் ‘ஆறும் நல்ல நிலையில்’ என்று எழுதினார். லூர்துசாமி பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வெயில் ஏற ஏற அந்தப் பசை இளகியது. அழுத்திய பொத்தான் சில நேரம் திரும்பி வராது. கட்டைவிரல் நகத்தால் நெம்பிவிடுவார். நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2008 மே மாதம், கத்திரி வெயில். பகல் பதினொன்றரை மணி இருக்கும். மெயின் கேட்டில் பாஸுக்காகக் காத்திருந்த இரண்டு லாரி டிரைவர்களோடு உத்திராபதி நாற்காலியில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார். செட் இடுப்பு பெல்ட்டில் இருந்தது. நாற்காலியின் கை அதன்மேல் அழுந்தியிருக்கிறது. அழுந்திய பொத்தான் திரும்பவில்லை. அவருக்கு அது தெரியாது.

ஸ்டோர் வாசலில் என் செட்டில் திடீரென்று அவர் குரல் வந்தது. எங்களோடு பேசுகிற பேச்சு இல்லை அது. பக்கத்தில் இருக்கும் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்காளு ஒருத்தரு இருக்காருங்க. அவரு டேங்க் யார்டுன்னு சொல்ல ஆரம்பிச்சா, நீங்க சிதம்பரம் போயி லோடு எறக்கிட்டு வந்துடலாம்.”

பிறகு தில்லைநாதனைப் போலப் பேசிக் காட்டினார். டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் தனியாக நின்று சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொத்தான் மாட்டிக்கொண்டது என்று எனக்கு உறைத்தது. என் வாசலிலிருந்து மெயின் கேட்டுக்கு நூற்றைம்பது அடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். ஆபீசர் காதிலும் விழட்டும், நல்லா மாட்டட்டும் என்று நினைத்து நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் டேங்க் யார்டில் ஆசிட் லாரியின் ஹோஸ் இணைப்பு கழன்றுவிட்டது. டிரைவர் அப்துல் மாலிக், பரங்கிப்பேட்டைக்காரர், அவர்மேல் முகத்திலிருந்து மார்புவரை ஆசிட் அடித்தது. தில்லைநாதன் ஓடிப்போய் அவரை இழுத்து, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஷவருக்கு அடியில் நிறுத்தினார். லாரியிலிருந்து ஆசிட் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. வால்வை மூட ஆள் வேண்டும், தூக்கிப்போக ஆள் வேண்டும். டிரைவர் வலியில் முகத்தை மூடிக்கொண்டு ஷவரை விட்டு ஓடப் பார்த்தார். அவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் செட்டை எடுத்துத் தில்லைநாதன் அழுத்தினார். அவர் குரல் எங்கேயும் போகவில்லை. விரலை எடுத்ததும் செட்டில் கேட்டது, உத்திராபதி அவரைப் போலவே திக்கிக் காட்டும் சத்தமும் சிரிப்பும்தான். மறுபடி அழுத்தினார். மறுபடி அதே. தரையில் ஓடிவந்த ஆசிட் அவர் ஷூவுக்குள் இறங்கியது. அப்போதும் அவர் டிரைவரை விடவில்லை.

லூர்துசாமி ஆபீஸில் இதைக் கேட்டு, உத்திராபதியைத் திட்டுவதற்காகத்தான் கோபமாகக் கேட்டுக்கு நடந்து வந்தார். வந்து அவர் இடுப்பிலிருந்து செட்டைப் பிடுங்கிப் பொத்தானை நெம்பினார். நெம்பிய அந்த வினாடியில் ஆறு செட்டிலும் தில்லைநாதன் குரல் வந்தது. “வா… வாங்க… யாராவது வாங்க.” அதற்குமேல் மூச்சிரைப்பு மட்டும்.

எல்லோரும் ஓடினோம். ஏழு நிமிடம் போயிருந்தது. அப்துல் மாலிக்குக்கு இடது கண் போய்விட்டது. தில்லைநாதனின் இரண்டு பாதமும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

நான்கு நாள் கழித்து விசாரணை. அதற்கு முன் லூர்துசாமி உத்திராபதியையும் என்னையும் கூப்பிட்டார். ரிஜிஸ்டரில் தன் கையெழுத்து இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மற்றதை நாங்களே புரிந்துகொண்டோம். சைக்கிள் டியூப் துண்டை உத்திராபதி ஏற்கெனவே பிய்த்துச் சாக்கடையில் போட்டிருந்தார்.

உள்ளே மானேஜர் கேட்டபோது உத்திராபதி கணீரென்று சொன்னார். “அவரு கூப்புட்டது யாருக்கும் புரியல சார். அவருக்கு வாய் வராதுன்னு உங்களுக்கே தெரியும்.”

அடுத்து என்னைக் கேட்டார்கள். எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். செட் வைத்திருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

தில்லைநாதன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாராம். அது ஃபைலில் சேரவில்லை. ‘தகவலைத் தெளிவாகத் தெரிவிக்கத் தவறிய காவலர்’ என்று எழுதி முடித்தார்கள். கால் ஓரளவு ஆறியதும் ஏஜென்சி அவரைச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேனாக அனுப்பியது. அங்கே வாக்கி கிடையாது.

அதற்கப்புறம் உத்திராபதி கேட்டில் உட்காரவே மாட்டார். நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். முதல் நம்பர் செட்டைத் தானே புதுச்சேரிக்கு எடுத்துப்போனார். ஒரு நிமிடத்துக்குமேல் பொத்தான் அழுந்தியிருந்தால் செட் தானாகவே பேச்சை நிறுத்திக்கொள்ளும்படி வைக்க முடியுமாம். மெக்கானிக் அதைச் செய்துகொடுத்து, இது முதலிலேயே செய்திருக்க வேண்டியது, யாரும் கேட்கவில்லையே என்றாராம். உத்திராபதி அந்தக் கடையிலேயே ஒரு ஸ்டூலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அந்த வருடத் திருவிழாவில் அறிவிப்பு சொல்லக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். அவர் மனைவி மாரியம்மாள் என்னைக் கேட்டில் பார்த்து, அவருக்குத் தொண்டையில் ஏதாவது பெரிய வியாதியா, என்னிடமாவது சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டார். வெயில் சூட்டினால் இருக்கும் என்றேன்.

தில்லைநாதன் பெயரை உத்திராபதியும் நானும் இரண்டு வருடம் வாயால் சொல்லவில்லை.

2010 ஆவணியில் ஒருநாள் காலை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு மெயின் கேட்டுக்கு வந்தார். அப்துல் மாலிக். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு ஊரில் மீன் ஏலக் கூடத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். மகள் ஷமீனாவுக்கு நிக்காஹ். தன்னைத் தண்ணீருக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்த செக்யூரிட்டிக்குப் பத்திரிகை வைக்க வேண்டும், அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். உத்திராபதியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

உத்திராபதி விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினார். ஏன் கூடப் போனீர்கள் என்று பிறகு கேட்டேன். பாய் தனியாகப் போனால் தில்லை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்ற பயம், தான் பக்கத்தில் நின்றால் சொல்ல மாட்டார் என்ற நினைப்பு என்றார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் அப்துல் மாலிக் அந்த நாளைப் பற்றிப் பேசினார்.

“ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலங்க. அன்னைக்கு அவரு கையில இருந்த செட்டுல யாரோ திக்கித் திக்கிப் பேசி சிரிச்சாங்க. நான் கத்திக்கிட்டிருக்கேன், அங்க சிரிக்கிறாங்க. யாருங்க அது?”

“வேற லைன்லேந்து வந்துருக்கும் பாய்” என்றார் உத்திராபதி.

லாட்ஜ் வாசலில் தில்லைநாதன் மாணவர்களுக்கு வந்த தபால்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். காலில் அளவுக்குப் பெரிய ரப்பர் செருப்பு. அப்துல் மாலிக் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகையைக் கொடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தில்லைநாதன் டீ வரவழைத்தார். உத்திராபதிக்கும் ஒரு டீ வந்தது. அப்போது பாய் அதே கேள்வியைத் தில்லைநாதனிடம் கேட்டார். அன்றைக்கு செட்டில் சிரித்தது யார்?

தில்லைநாதன் உத்திராபதியைப் பார்த்தார். அவர் சொல்லிவிடுவார் என்று உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். தில்லைநாதனுக்கு வார்த்தை வர நேரமாகியது.

“அ… அவர்ட்டயே கேளுங்க பாய்.”

தெருவில் இரண்டு மாணவர்கள் சைக்கிளில் போனார்கள். அவர்கள் தாண்டிப் போகட்டும் என்று உத்திராபதி பார்த்தார். பிறகு, “நான்தான் பாய்” என்றார். பொத்தானைப் பற்றி, ரப்பரைப் பற்றி, விசாரணையில் சொன்னதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னார்.

அப்துல் மாலிக் கடைசிவரை கேட்டார். டீயைக் குடித்து முடித்தார். எழுந்து தில்லைநாதனிடம், குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு உத்திராபதி பக்கம் திரும்பினார்.

“பஸ்ஸுல கேட்டேனே” என்றார். அவ்வளவுதான். தனியாக நடந்து போய்விட்டார்.

உத்திராபதி தில்லைநாதனிடம் மன்னிப்புக் கேட்டார். நடந்ததையெல்லாம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். தில்லைநாதன் தபால்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். அடுக்கிக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“எழுதுனா ஃபைல்ல கெடக்கும். அன்னைக்கு ஆறு செட்டுலயும் கேட்டுச்சு. ஆறு செட்டுலயும் சொல்லுங்க.” பிறகு, “எம் பொண்ணு மாலதி காலேஜுல படிக்குது. ஒங்கப்பாவுக்குப் பேசத் தெரியாம ஒருத்தர் கண்ணு போச்சாமேன்னு யாரோ கேட்டிருக்காங்க. வந்து எங்கிட்ட கேட்டுது. நான் சொன்னேன். நம்புச்சா இல்லையான்னு தெரியல” என்றார்.

மறுநாள் உத்திராபதி இதையெல்லாம் என்னிடம் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இரண்டு வருடம் ஆகிவிட்டது, லூர்துசாமி சாரும் வேலையை விட்டுப் போய்விட்டார், இனிமேல் கிளறி என்ன ஆகப்போகிறது, விட்டுவிடுங்கள் என்றேன். அவர் கேட்டுக்குத் திரும்பிப் போனார். ஒன்பது நாள் போயிற்று. ஒவ்வொரு நாளும் செட்டை எடுத்து வாயருகே கொண்டுபோய்த் திரும்பப் பெல்ட்டில் மாட்டிக்கொள்வார். நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பத்தாம் நாள், பகல் இரண்டு மணி, ஷிப்ட் மாறும் நேரம். ஒவ்வொரு இடத்திலும் போகிறவரும் வருகிறவரும் செட்டைக் கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். அதிகம் பேர் காதில் விழும் நேரம் அதுதான் என்று பார்த்துத்தான் பேசியிருக்கிறார்.

“மெயின் கேட்டு. உத்திராபதி பேசறேன். ரெண்டாயிரத்து எட்டு மே மாசம் தில்லைநாதன் சரியாத்தான் கூப்புட்டாரு. எஞ்செட்டு பொத்தான் மாட்டி லைன் அடைஞ்சு கெடந்துது. அது கெட்டுப்போனது தெரிஞ்சும் நான் சர்வீஸுக்கு அனுப்பல. அவரு கூப்புட்டுக்கிட்டிருந்தப்ப நான் அவர மாதிரி பேசிக் காட்டிக்கிட்டிருந்தேன். விசாரணையில பொய் சொன்னேன். அவரு மேல தப்பு இல்ல. ஓவர்.”

அவர் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. எப்போதும்போல அழகாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது. அதுதான் தனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது என்று பிறகு சொன்னார். இதைச் சொல்லும்போதாவது அந்தக் குரல் உடைந்திருக்கக் கூடாதா என்றார்.

என் கையிலும் செட் இருந்தது. நானும் கேட்டேன், நானும் சிரித்தேன், நானும் பொய் சொன்னேன் என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும். கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறு யாரோ லாரி நம்பர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

புது ஆபீசர் கூப்பிட்டு எழுதி வாங்கினார். அடுத்த வாரமே ஏஜென்சி உத்திராபதியை வீட்டுக்கு அனுப்பியது. அன்று சாயங்காலம்தான் மாரியம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அவர் அழவோ திட்டவோ இல்லையாம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடம் நான் போட்ட சோற்றைத் தின்றீர்களா என்று கேட்டாராம். தில்லைநாதனுக்கு ஏஜென்சியிலிருந்து இரண்டு வரிக் கடிதம் போயிற்று. அவர்மேல் எழுதியதை நீக்கிவிட்டோம், விரும்பினால் பழைய இடத்துக்கே வரலாம் என்று. அவர் வரவில்லை. உத்திராபதிக்கு அதற்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடை வாசலில் வண்டி நிறுத்தும் இடத்தில் வேலை கிடைத்தது. ஷமீனாவின் கல்யாணத்துக்குத் தில்லைநாதன் குடும்பத்தோடு போய்வந்ததாகக் கேள்விப்பட்டோம்.

2012-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திராபதியும் நானும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சிதம்பரம் பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து தில்லைநாதன் வந்தார். கூட ஒரு பெண், தோளில் பை. எங்களைப் பார்த்ததும் அவர் நின்றார். பார்க்காத மாதிரி போயிருக்கலாம். ஆனால் நேராக எங்களிடம் வந்தார்.

“இ… இவருதாம்மா” என்று உத்திராபதியைக் காட்டினார்.

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “செட்டுல சொன்னீங்களாமே. அப்பா சொன்னாரு” என்றாள். கோபமும் இல்லை, மரியாதையும் இல்லை. உத்திராபதி டம்ளரைக் கீழே வைத்தார். தில்லைநாதனின் பெரிய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள்.

நானும் அங்கேதான் நின்றேன். அன்றைக்கு ஸ்டோர் வாசலில் செட்டோடு இருந்தவன் நான்தான் என்று தில்லைநாதன் தன் மகளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.